சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிய அம்பு

இன்று வெள்ளிக்கிழமை. உலை வைத்துவிட்டுத் திரும்பினால், அலமாரி மேலிருந்த உங்கள் சிலேட்டில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. செல்போன் சார்ஜரை எடுத்துச் சொருகினேன். ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் நீங்கள் செய்கிற வேலை அது. ஒரு கையால் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் சொருகுவீர்கள். தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு எழுந்திருக்கும்போது விளக்கு பச்சையாகியிருக்கும். நீங்கள் போன பிறகும் ஒரு வெள்ளிக்கிழமைகூட நான் அதை விடவில்லை.

கடையில் எல்லாரும் டச்பேட் என்பார்கள். நான் மட்டும்தான் சிலேட்டு என்பேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதைப் பார்த்தால் வேறென்ன ஞாபகம் வரும்? வெள்ளையாக, வழவழவென்று, கையை விரித்து வைக்கிற அளவு. கம்ப்யூட்டருக்கு மவுஸ் வேண்டாம், இது போதும். வயர் கிடையாது. எங்கே வைத்து விரலால் தேய்த்தாலும் அங்கே திரையில் அம்பு ஓடும்.

உங்களுக்குக் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. எழுத வேண்டிய தேவையும் இருந்ததில்லை. முன்கட்டில் உங்கள் டிடிபி கடை, பின்கட்டில் நம் வீடு. நடுவில் ஒரு சுவர். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவேன், எழுந்து வருவீர்கள். இப்போது எந்தச் சுவரைத் தட்டுவது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சிலேட்டு வருவதற்கு முன்னால் உங்கள் வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. நிக்காஹ் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கருமாதிக் கார்டு என்று நாளெல்லாம் மவுஸைப் பிடித்து இழுத்ததில் வந்த வீக்கம். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் உள்ளே வந்து கையை நீட்டுவீர்கள். நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, பொறுக்கிற சூட்டில் நீவிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பீர்கள். அந்தக் கொஞ்ச நேரம் அந்தக் கை எனக்குச் சொந்தமாக இருந்தது.

டாக்டர் இனிமேல் மவுஸைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் கடையில் உங்களோடு வேலை பார்க்கிற ரெஜினாவின் தம்பி பிரான்சிலிருந்து லீவில் வந்தான். அக்கா சொல்லிவிட்டாள் என்று இதை வாங்கி வந்தான். மவுஸை நகர்த்த முழுக் கையும் வேலை செய்ய வேண்டும், இதற்கு விரல் நுனி போதும் என்று நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அந்த மாதமே வீக்கம் வற்றிவிட்டது. வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தேன். “இனிமே வேணாம்மா, இப்ப வலிக்கிறதே இல்ல” என்றீர்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. நான் எத்தனையோ நாள் நீவியும் போகாத வலியை, அவள் வாங்கிக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் துண்டு போக்கிவிட்டதே என்று.

ரெஜினாவைப் பற்றி உங்களிடமே குறை சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நம் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்திலிருந்து ரெட்டியார்பாளையத்திலிருந்து வண்டியில் வந்து போகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பிரெஞ்சு படித்தவள். பிரான்ஸ் பென்ஷன்காரர்கள் கொண்டுவருகிற பிரெஞ்சுக் காகிதங்களை அவள் படிக்க, நீங்கள் அடிப்பீர்கள். உங்களை ஐயா என்று சொல்லாமல் பிரெஞ்சில் முசே என்று கூப்பிடுவாள். அந்தக் காலத்துத் துரைகளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். உங்களுக்கு அது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் இரண்டு பேர் மீதும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. சந்தேகம் வேறு, எனக்கிருந்தது வேறு. வயர் இல்லாததால் அந்தச் சிலேட்டு உங்கள் இருவருக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது. படம் வைக்கும்போது உங்கள் பக்கம் வரும். நீங்கள் இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தால் அவள் பக்கம் போகும். அவள் ஒரு கையில் காகிதத்தைப் பிடித்துப் படித்துக்கொண்டே மறு கையின் இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்துவாள். மேலே என்று நீங்கள் வாய் திறப்பதற்குள் பக்கம் மேலே போயிருக்கும். டீ கொண்டு வந்து வைத்துவிட்டு நின்று பார்ப்பேன். நான் நிற்பது இருவருக்கும் தெரியாது.

ஒருநாள் சொல்லியே விட்டேன். “சகன்ல உக்காந்து ஒரே தட்டுல சாப்பிடுற மாதிரி இருக்குது உங்க வேலை.”

கல்யாண வீட்டில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதைத்தான் சொன்னேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். “பொறாமையா உனக்கு? வா, நீயும் வந்து கைய வையி” என்றீர்கள். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டேன். அம்பு எங்கோ மூலைக்கு ஓடியது. அப்புறம் என்ன செய்தேனோ, பத்திரிகையிலிருந்த மாப்பிள்ளையைப் பெற்ற அத்தாவின் பெயர் காணாமல் போய்விட்டது. “குடுங்க அக்கா” என்று ரெஜினா பதமாக வாங்கி, ஒரு தட்டு தட்டினாள். பெயர் வந்துவிட்டது. “மாப்ளைக்கு அத்தா இல்லாம பண்ண பாத்தியே” என்று நீங்கள் மறுபடியும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். எப்படித் தொட வேண்டும் என்று நீங்கள் அப்போது ஒரு வார்த்தை சொல்லித் தந்திருக்கலாம்.

நீங்கள் மவுத்தான அன்றும் அந்த நாற்காலியில்தான் இருந்தீர்கள். ரெஜினாவின் சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது உங்கள் தலை கீபோர்டின் மேல் சாய்ந்திருந்தது. கடைசியாக என்ன சொன்னார் என்று அவளைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். “கொஞ்சம் கீழ எறக்கு ரெஜினான்னு சொன்னாரு அக்கா. வேற ஒண்ணும் சொல்லல” என்று அழுதாள். வந்தவர்கள் எல்லாம் நான் அழுவதைப் பார்த்துத் தேற்றினார்கள். கடைசி வார்த்தையில் என் பெயர் இல்லாததற்கும் சேர்த்து அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்து வந்த மகளிடம், கடையிலிருந்து அந்தச் சிலேட்டை எடுத்து வா என்றேன். “எதுக்கும்மா? ரெஜினா ஆன்ட்டிக்கு வேலைக்கு வேணுமே” என்றாள். “மவுஸ் இருக்குது இல்ல, அத வச்சி செய்யச் சொல்லு” என்றேன். நீங்கள் தேய்த்துத் தேய்த்து அதன் நடுவில் ஓரிடம் மட்டும் பளபளப்பாகியிருந்தது. சாய்த்துப் பிடித்தால் தெரியும். அதன் மேல் அவள் விரல் இனிமேல் படக் கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அப்புறம் இத்தா இருந்தேன். புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் முடிகிறவரை வாசல் தாண்டக் கூடாது. ரெஜினா பெண்தானே, உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். நான் கூப்பிடவில்லை, அவளும் வரவில்லை. கடையை மட்டும் அவள் திறந்து நடத்தினாள். பிரிண்டர் ஓடுகிற சத்தம், அவள் நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாம் சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மதியம் லுஹர் தொழுதுவிட்டு சுவரோரம் பாயை விரித்து உட்காருவேன். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பளபளப்பான இடத்தைத் தடவிக்கொண்டே இருப்பேன். உங்கள் கையைத் தடவுகிற மாதிரி ஒரு நினைப்பு. தினமும் அந்த நேரத்துக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது.

அரியாங்குப்பத்திலிருந்து மகள் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள் கடை வழியாக வந்தவள் முகமெல்லாம் ஒரு மாதிரியாக உள்ளே வந்தாள்.

“அம்மா, கடையில கம்ப்யூட்டருக்கு வைரஸ் வந்துடுச்சி போலம்மா. அம்பு தானா நடக்குது. ரெஜினா ஆன்ட்டி கைய மடியில வச்சிக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. கூப்பிட்டாகூட திரும்பல.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மடியைப் பார்த்தேன். என் விரல் இன்னும் சிலேட்டின் மேல் இருந்தது. வயர் இல்லாத சாமானுக்குச் சுவர் ஒரு தடையா? சார்ஜ் ஏற்றி ஏற்றி அதை உயிரோடு வைத்திருந்தவளும் நான்தான். மகளிடம், ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அடுத்த நாள் காதைச் சுவரில் வைத்துக்கொண்டு சிலேட்டைத் தடவினேன். தட்டச்சுச் சத்தம் நின்றது. கடையில் மின்விசிறி மட்டும் ஓடியது. பிறகு அவள் குரல், தாழ்ந்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது.

“முசே?”

கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன். எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? உங்களை நினைத்துத் தடவுகிற கை என்னுடையது. அதைப் பார்த்து உருகுகிறவள் அவள். நான் இங்கே ஏங்க, நீங்கள் அங்கே போய் அவளுக்குத் துணை இருக்கிற மாதிரி ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது பகல் முழுக்க அவளோடு இருந்தீர்கள். போன பிறகும் அங்கேதானா? சுவரைத் தட்டி, அது நான்டி என்று கத்தலாம் போலிருந்தது. கத்தவில்லை. கத்தினால் அவளுக்குப் புரிந்துவிடும், புரிந்தால் சிலேட்டைத் திருப்பிக் கேட்பாள். தடவாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் முடியவில்லை. லுஹர் ஆனதும் கை தானாகப் போனது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அப்படியே நாள் ஓடியது.

இத்தா முடிந்த காலையில் குளித்து, தொழுது, வேறு புடவை கட்டிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். வேறு எங்கேயும் போகத் தோன்றவில்லை. சிலேட்டைக் கொண்டு போய் மேசையில் வைத்தேன். ரெஜினா எழுந்து நின்றாள்.

“அம்ப நகத்துனது நான்தான். உன் முசே இல்ல” என்றேன்.

“தெரியும் அக்கா.”

“பொய் சொல்லாத. முசேன்னு கூப்பிட்ட. என் காதால கேட்டேன்.”

“அன்னிக்கி ஒரு வாட்டிதான் கூப்பிட்டேன். அப்பறம் பாத்தா அவரு கை இல்ல. அவரு கை நேரா ஓடும், ஒரு எடத்துல நிக்காது. இது ஒரே எடத்துல சின்னதா சுத்திக்கிட்டே இருந்துச்சி. வேலை செய்யிற கை இல்லன்னு தெரிஞ்சி போச்சி.”

“தெரிஞ்சா வந்து கேட்டிருக்கலாம் இல்ல?”

“கேட்டா நிறுத்திடுவீங்களே.” அவள் குனிந்துகொண்டாள். “நீங்க முடிக்கிற வரைக்கும் மவுஸ தொடாம இருப்பேன். அப்பறம்தான் வேலைய பாப்பேன்.”

அவள் எனக்கு நல்லதுதான் செய்திருக்கிறாள். ஆனாலும் பாருங்கள், அந்த நேரத்திலும் எனக்குள் பொறாமைதான் கிளம்பியது. கண்ணால் பார்க்காமல், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து வருகிற ஒரு அசைவை வைத்து, இது அவர் கை இல்லை என்று சொல்ல அவளால் முடிகிறது. எண்ணெய் போட்டு நீவியவள் நான். எந்த எலும்பு எங்கே துருத்தும் என்று இருட்டிலும் சொல்வேன். ஆனால் அந்தக் கை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். பட்டையாகத் துணி சுற்றியிருந்தாள். மவுஸ் இழுத்து வந்த வலி. உங்களுக்கு எங்கே வந்ததோ அதே இடம். உங்கள் வலியைக்கூட இவள் எனக்கு விட்டுவைக்கவில்லையே என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சிலேட்டைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் எனக்கு மனசு வரவில்லை. அவளிடம் நீட்டவும் மனசு வரவில்லை. கடைசியில் அவள் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நீ ரெண்டு கையாலயும் அடி. தள்ளுறத நான் தள்ளுறேன். எப்படின்னு காட்டு” என்றேன்.

இரண்டு விரல் சேர்த்து மேலே தள்ளினால் பக்கம் போகும், லேசாகத் தட்டினால் போதும், அழுத்த வேண்டாம் என்று காட்டினாள். சிலேட்டைத் தொடாமல் காற்றில்தான் காட்டினாள். அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து மதியச் சோறு ஆக்கிவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறேன். பிரெஞ்சு எனக்கு என்ன தெரியும், அவள் மேலே என்றால் மேலே, கீழே என்றால் கீழே. சாயங்காலம் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அங்கே விட்டு வைப்பதில்லை.

நேற்று காலாப்பட்டிலிருந்து ஒரு பெரியவர் கொண்டு வந்த நீளமான காகிதம். அவள் படித்துப் படித்து அடித்துக்கொண்டிருந்தாள், நான் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கம் எங்கேயோ ஓடிவிட்டது.

“மெதுவா அக்கா” என்றாள். “அப்படியே முசே மாதிரி அவசரம் உங்களுக்கு. அவரும் இப்படித்தான் தள்ளி விட்டுட்டு அப்பறம் தேடுவாரு.”

அவசரமா? நீங்களா? மீன்குழம்பில் முள் பார்த்துப் பார்த்து, மற்றவர்கள் கை கழுவி எழுந்த பிறகும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவர். செருப்பு மாட்ட நேரம் எடுத்துக்கொள்கிறவர். அவசரக்காரரோடு நான் ஒருநாளும் குடும்பம் நடத்தியதில்லை. அப்படி ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறார், அவரை அவள் மட்டும் தினமும் பார்த்திருக்கிறாள். கேட்டதும் வயிறு பற்றி எரிந்தது. அதோடு, அந்த அவசரம் எப்படியோ என் இரண்டு விரலுக்கு வந்திருக்கிறது என்பதும் புரிந்தது. நீங்கள் சொல்லித் தரவில்லை. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது. இருக்கிறது என்று சொல்லவும் அவள்தான் வேண்டியிருக்கிறது.

சரி, மெதுவாகத் தள்ளுகிறேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தையும் வேகமாகவே தள்ளினேன். அவள் இன்னொரு தடவை சொல்லட்டும் என்று.