நாற்பத்தொன்றாவது கப்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் எறும்பு எண்ணினேன். ஜன்னலிலிருந்து சர்க்கரை டப்பா வரை நிமிடத்துக்கு அறுபத்திரண்டு. நேற்று ஐம்பத்தெட்டு. பிறகு ஜார்ஜிய மொழியில் நான்கு எழுத்துகள். பிறகு வாழைப்பழத் தோல் ஊறுகாயைக் கிளறினேன். பூஞ்சை பிடித்திருக்கிறது, நல்ல பூஞ்சையா கெட்ட பூஞ்சையா தெரியவில்லை. இசை? ஒரு ஸ்வரம்கூட எழுதவில்லை.

இசையமைப்புப் படிப்பில் கடைசித் தேர்வு எனக்கு இது மூன்றாவது முறை. முதல் முறை, கரண்ட் போனதும் மெல்ல நிற்கும் பதினொரு ஃபேன்களுக்காக எழுதினேன். தேர்வன்று கரண்ட் போகவில்லை. இரண்டாவது முறை, ரயில் அறிவிப்பு மணிக்கு எதிர்ப்பாட்டு. தேர்வாளர்களை விருத்தாசலம் ஜங்ஷனுக்கே அழைத்து வந்தேன். அன்று பார்த்து ரயிலே வரவில்லை. மார்ச் 21-இல் தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். கோகுல்ராஜ் சார் போனில் சொன்னார். என் பேராசிரியர். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததோ?

பிப்ரவரி 7

அம்மா செராமிக் யூனிட்டில் செக்கிங். பத்தொன்பது வருடமாக, சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பையும் குச்சியால் தட்டுகிறாள். 'ணங்' என்றால் பெட்டிக்கு. 'டொப்' என்றால் விரிசல், குப்பைக்கு. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் கப். ஆனால் நான் எழுதிய எதையும் அவள் முழுதாகக் கேட்டதில்லை. மூன்று நொடி கேட்பாள், எழுந்துவிடுவாள். "நல்லாருக்குதா இல்லியான்னு மொதல்லியே தெரிஞ்சிப்போவுது. அப்புறம் எதுக்குடி மிச்சம்?" என்பாள்.

வலிக்கிறது. இங்கேயாவது சொல்லிவைக்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன் — கப்புகளுக்காக எழுதப்போகிறேன்.

பிப்ரவரி 12

நாற்பது கப் வாங்கி வந்தேன். எல்லாம் ஒரே அச்சு, ஒரே சூளை. நாற்பதும் ஒரே ஸ்வரம். போச்சு!

பிப்ரவரி 13

"டீக்கடை வைக்கப்போறியாம்மா? தெருவுல கேக்குறாங்க" என்றார் அப்பா.

பிப்ரவரி 20

கப்புகளைக் குறைத்து, வேறு பீங்கான் சாமான்கள் சேர்த்தேன். ஃபியூஸ் கட்டை, பிள்ளையார் பொம்மை, ஊறுகாய் ஜாடி (ஊறுகாயைக் கொட்டிவிட்டேன். கெட்ட பூஞ்சைதான்). மத்திம ஸ்வரம் மட்டும் நான்கு நாளாகக் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கக்கூஸ் பேசினில் கிடைத்தது. அப்பப்பா, எவ்வளவு சுத்தமான மத்திமம்!

ஆக நாற்பது. நாற்பத்தொன்றாவதாக, யூனிட்டுக்குப் பின்னால் குப்பைமேட்டில் எடுத்த ஒரு விரிசல் கப். எல்லாம் 'ணங் ணங்' என்று போய்க்கொண்டிருக்கும்போது அது மட்டும் 'டொப்'. பாட்டுக்கு உயிரே அதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

மொட்டைமாடியில் ஒத்திகை. கேட்க வந்தவர்கள் அம்மாவும், அவளோடு செக்கிங்கில் இருக்கும் ஆறு பேரும். கோகுல்ராஜ் சார் போன் வீடியோவில். அம்மா ஆரம்பம் முதல் சந்திரலேகா அக்காவிடம் இட்லி மாவு புளிக்காததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஆறாவது நிமிடம் 'டொப்' அடித்தேன்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். அம்மா எழுந்து வந்தாள். கப்பை எடுத்தாள். கைப்பிடிச்சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாள். திரும்பிப் போய் உட்கார்ந்து மாவு கதையைத் தொடர்ந்தாள்.

"என்னம்மா பண்ற!"

"விரிசல்டி. ஒண்ணு உள்ள பூந்துச்சின்னா மொத்த லோடும் திரும்பி வந்துரும்."

"எனக்கும் கேட்டுச்சு, பானுமதி முந்திக்கிட்டா" என்றார் சந்திரலேகா அக்கா.

அழுகையா வந்துது. இவங்கள வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? பேசாம எறும்பு ஆராய்ச்சிக்கே போயிருக்கலாம் —

போனில் சார் கத்திக்கொண்டிருந்தார். "அந்த அம்மா எந்திரிச்சு வந்தாங்க பாரு, அதுதான் பாட்டு! தேர்வுலயும் அது வேணும்!"

மார்ச் 10

கப் வேலிக்கருவைப் புதரில் கிடந்தது. விழுந்தும் உடையவில்லை, கெட்டி.

பாட்டுத்தாளில் எழுதியாயிற்று: 'டொப் ஒலித்ததும் பார்வையாளர்களிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து கப்பை அகற்றுவார்.' தேர்வன்றைக்கு அம்மா லீவு போட்டுவிட்டாள். "நடிக்கல்லாம் எனக்கு வராது. டொப்புன்னா தானா எந்திரிப்பேன், அவ்ளோதான்."

அது போதும். அம்மாவின் காதை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மார்ச் 21, வெள்ளி

சென்னை வரை பேசினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். பிள்ளையாருக்குப் போடவில்லை.

பெரிய ஹால். மூன்று தேர்வாளர்கள். பக்கத்தில் பேச ஆளில்லாமல் அம்மா முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறாவது நிமிடம். டொப்.

அம்மா எழவில்லை.

திரும்ப அடித்தேன். டொப். சார் ஓரத்தில் நின்று கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். அம்மா தலையை லேசாகச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டொப். டொப். ஒன்பது முறை அடித்தேன். அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் மிச்சத்தை வாசித்தேன். கடைசி ஸ்வரம் அடங்கும்வரை அப்படியே இருந்தாள்.

வெளியே வந்து கத்தினேன். ஏம்மா எந்திரிக்கல? உன்ன நம்பித்தானே வந்தேன்! எல்லாம் போச்சே!

அவள் முகம் சுருங்கிவிட்டது. "கேட்டுக்கிட்டே இருந்தனா... எந்திரிக்க மறந்துட்டேன்டி" என்றாள்.



மார்ச் 22

எறும்பு எண்ணவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நூற்றுக்கு ஐம்பது. ஐம்பதுதான் தேர்ச்சி. குறிப்பும் எழுதியிருக்கிறார்கள்: 'தாளில் உள்ளபடி யாரும் எழுந்து வரவில்லை.' அதற்கு இருபது மார்க் கழித்திருக்கிறார்கள். கழிக்கட்டும்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும், பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு கப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். விரிசல் கப். பத்தொன்பது வருடத்தில் அவள் வூட்டுக்கு எடுத்து வந்த முதல் விரிசல்.

"குப்பையில போடத்தான் போனேன். இது வேற மாரி டொப்புங்குது. உனக்கு ஆவுமான்னு பாரு."

தட்டினேன்.

"இன்னொரு வாட்டி தட்டு" என்றாள்.