நிரந்தர முகவரி

ஷார்ஜா

அன்புள்ள கனகத்துக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

ஊருக்கு வர விடுப்புப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்பினேன். நான் தங்கியிருக்கும் கேம்ப் விலாசத்தை அடித்ததுமே, கீழே 'நிரந்தர முகவரி' கட்டத்திலும் அதுவே வந்து உட்கார்ந்தது. அழித்தாலும் திரும்ப வருகிறது. ஆபீஸில் இருக்கும் நம்மூர்க்காரர் சண்முகையா, "ஜாவாஸ்கிரிப்ட் வே, தானா நெரப்பிரும். உமக்கு வேல மிச்சம்லா?" என்கிறார். எனக்கென்னவோ சந்தேகம்தான். நிரந்தர முகவரிக்குத்தானே விமான டிக்கெட் தருவார்கள்? கேம்ப்பே ஊராகிவிட்டால் டிக்கெட் எதற்கு? காகிதத்தில் சங்கரன்கோவில் விலாசத்தை எழுதி நீட்டினேன். ஆதாரம் கேட்கிறார்கள்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. ரேஷன் கார்டைப் படமெடுத்து அனுப்பு. அதற்கு முன், மூன்று வருடமாகிறதே, அதில் என் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்.

வேலாயுதம்