செட் போட்ட கழிப்பறை

அண்ணனுக்கு,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். நம் வீட்டில் ஒருத்தர் நலமாக இல்லாதபோது அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நீ யாரையும் பேசவிடுவதில்லை. இரண்டாவது வாக்கியத்திலேயே "கட், கட், மேட்டருக்கு வா" என்பாய். கடிதத்தில் கட் சொல்ல முடியாது. பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிறேன், முழுசாகப் படி.

நீ கேட்ட வீடியோ வராது.

அண்ணியைப் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்காரவைத்து, "இந்தப் படத்தின் செட் எங்களுக்கு இன்னொரு வீடாக இருந்தது" என்று பேசவைத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். அங்கே திரைப்பட விழாவில் உன் படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அப்புறம் கூட்டத்திலிருந்து ஒரு பெண், இந்தப் படத்தில் வேலை செய்த பெண்களை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டாளாம். என் மனைவிதான் இணை இயக்குநர், அவளே சொல்வாள் என்று நீ சமாளித்துவிட்டாய். இப்போது ஞாயிற்றுக்கிழமை 'திரையில் பெண்' என்ற கலந்துரையாடலில் போட்டுக் காட்ட அண்ணியின் முகமும் குரலும் உனக்கு வேண்டும். குரல் கணீரென்று விழுகிற மாதிரி மைக்கை வை என்று எனக்கு ஒரு குறிப்பு வேறு. ஒலிப்பதிவு என் பிழைப்பு. மைக்கை எங்கே வைப்பது என்று நீ சொல்லித்தர வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் நல்ல படம். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். குப்பைப் படமாக இருந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். ஒண்ணுக்குப் போவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டிய தையல் ஃபாக்டரிப் பெண்கள். அவர்களை வைத்து நீ அழுகாச்சிக் கதை பண்ணவில்லை. கேமரா யார் உடம்பையும் மேயவில்லை. கடைசி ரீலில் ஓர் ஆம்பளை ஓடி வந்து யாரையும் காப்பாற்றவில்லை. பெண்கள் பேசும்போது அவர்கள் குரல்தான் கேட்க வேண்டும் என்று சண்டை போட்டு என்னிடம் இசையைக் குறைக்க வைத்தாய். கதாநாயகி டோக்கனை மேஜைமேல் வீசிவிட்டு, யாரையும் கேட்காமல் எழுந்து நடக்கிறாளே, மிக்ஸிங்கில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்த எனக்கே அங்கே ஒலி அளவைக் கவனிக்க மறந்துபோகிறது. அதை எழுதியது அண்ணி. அந்தப் பெண்களோடு மாசக்கணக்கில் உட்கார்ந்து பேசி எழுதியது. அதையும் நீ பேட்டிகளில் மறைக்காமல் சொல்கிறாய். எல்லாம் சரி.

அவள் நடந்து போய்ச் சேருகிற இடம்தான் சரியில்லை.

ஷூட்டிங்குக்குப் பிடித்த அந்தப் பழைய கோடவுனுக்குள் கலை இயக்குநர் வரிசையாகக் கழிப்பறைகள் செட் போட்டார். கறை படிந்த பீங்கான், பாதி உடைந்த ஓடு, துருப்பிடித்த தாழ்ப்பாள், இப்போதுதான் சொட்டி நின்ற மாதிரி ஒரு குழாய். நீ அவரைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினாய். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ப்ளைவுட். பீங்கானுக்கு அடியில் பைப்பும் இல்லை, தொட்டியும் இல்லை, வெறும் சிமென்ட் தரை. அந்த வளாகம் முழுக்கப் பெண்களுக்கென்று இருந்த கழிப்பறை அது ஒன்றுதான்.

பெண்களுக்கென்று கழிப்பறை வேன் வந்தது, தம்பிதான் சத்தம் என்று திருப்பி அனுப்பச் சொன்னான் என்று அண்ணியிடம் போனில் சொன்னாயாம். நன்றாக இருக்கிறது. கழிப்பறை வேனின் பம்ப் ஓடினால் இரைச்சல் மைக்கில் விழுகிறது, வேனைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்துங்கள் என்றேன். நீ முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாய். கேபிள் இழுத்து நகர்த்தினால் அரை நாள் போகும் என்றாய். அதற்குப் பதில் பெட்ரோல் பங்குக்கு ஒரு கார் விடுகிறேன் என்றாய். அந்தக் கார் லென்ஸ் எடுக்கப் போனது, சாப்பாடு எடுக்கப் போனது, தயாரிப்பாளரை அழைத்துவரப் போனது. எந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு அது பெட்ரோல் பங்குக்குப் போய் நான் பார்க்கவில்லை. ஆம்பளைகளுக்குப் பிரச்சினையே இல்லை. எங்களுக்குச் சுவர் இருந்தது.

அந்தத் தையல்கார அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? துணை நடிகர்கள் வேண்டாம், நிஜ ஃபாக்டரியிலிருந்தே ஆள் வேண்டும் என்று நீ அடம்பிடித்துக் கூட்டி வந்த பெண்களில் ஒருத்தர். ஜன்னலோர மிஷின். அன்றைக்குத்தான் அவருக்கு முதல் நாள். இது செட் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், லைட் மாற்றும் நேரத்தில் எழுந்து, எதிரே வரிசையாகக் கதவு தெரிகிறதே என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கழிப்பறை மாதிரி இருந்ததைக் கழிப்பறை என்று நம்பினார். கலை இயக்குநருக்குக் கிடைத்த உண்மையான விருது அதுதான்.

தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து வெளியே வந்தது. உன் ஃப்ரேமுக்குள்.

நீ மைக்கை எடுத்தாய். நான் ஹெட்ஃபோனில் இருந்தேன், ஒரு எழுத்து பிசகாமல் கேட்டேன்.

"யாரும்மா அது உள்ள? அறிவில்ல உனக்கு? இது செட்டு. உன் வீட்டு பாத்ரூம்னு நெனச்சியா?"

மொத்த யூனிட்டும் திரும்பியது. லைட்காரர்கள் சிரித்தார்கள். கதவு திறக்கவே இல்லை. அண்ணிதான் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். வெளிச்சம் மறைக்க வைத்திருந்த கறுப்புத் துணியை உருவி, கதவுக்கு முன்னால் விரித்துப் பிடித்து, அதன் மறைவிலேயே அந்த அக்காவை நடத்திக் கூட்டிப்போனார். திரும்பி வந்து வாளியும் துடைப்பமுமாக அவரே கழுவினார். குனிந்து கழுவிக்கொண்டிருந்த அவர் முதுகைப் பார்த்து நீ மைக்கிலேயே சொன்னது:

"சீக்கிரம்மா. லைட் போகுது."

மறுநாள் அந்த அக்கா வரவில்லை. முந்தின நாள் ஷாட்களில் இருந்த ஒரு முதுகைக் காணோம் என்று நீ தையாதக்கா என்று குதித்தாய். அண்ணி அவருடைய யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்தார். பெண்களின் முதுகுகள் பேசுகின்றன என்று ஒரு விமர்சகர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார் பார், அதில் ஒன்று உன் பெண்டாட்டியின் முதுகு. என்ன பேசியது என்று அந்த விமர்சகரிடமே கேட்டுச் சொல்.

அன்றிலிருந்து செட்டில் ஒரு பெண்ணும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை. கதாநாயகி, மேக்கப் பெண், தையல் மிஷின் வரிசை, அண்ணி, எல்லாரும். வெயிலில் வேலை பார்த்தார்கள், உதடு வெடிக்க வேலை பார்த்தார்கள். கதாநாயகி முகத்தில் அந்த வறட்சி எப்படி வந்தது, என்ன நடிப்பு என்று நீ மானிட்டரில் வியந்துகொண்டிருந்தாய். அவள் சட்டைக் காலரில் நான் குத்திய மைக் இருந்தது. டேக்குக்கு டேக் நடுவில் அண்ணியிடம் அவள் கிசுகிசுத்தது இது: "அக்கா, இந்த டேக்கோட முடிச்சுக்கச் சொல்லுங்க, என்னால நிக்க முடியல." அண்ணி உன்னிடம் வந்து சொன்னார். இன்னும் ஒண்ணே ஒண்ணு என்றாய். அந்த ஒண்ணுதான் இப்போது உன் போஸ்டர்.

எடிட்டிங் அறையில் அண்ணிக்கு நடுக்கம் எடுத்தபோது ஏசியைக் குறை என்றாய். அது ஏசி இல்லை. கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. மிக்ஸிங்கும் முடிந்து, ஆஸ்பத்திரியில் அட்மிட் பண்ணின மறுநாள் நீ விழாவுக்கு விமானம் ஏறினாய். டிக்கெட்டை மாற்ற முடியாதாம். ஆகவே டாக்டரம்மா கேட்டபோது பக்கத்தில் இருந்தது நான். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சினிமா என்றார் அண்ணி. தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டதற்கு அண்ணி என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார்:

"துணி தைக்கிற ஃபாக்டரிலேர்ந்து வர்ற பொண்ணுங்களுக்குத்தான் நான் இத எழுதுவேன். சினிமாவுலயும் அப்படித்தானா?"

அண்ணி சிரித்தார். வலது பக்கம் பிடித்துக்கொண்டே சிரித்தார். எனக்கு உன்மேல் ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது அந்தச் சிரிப்பில்தான்.

டிஸ்சார்ஜ் ஆனதும் உங்கள் வீட்டுச் சாவி அவர் பையில்தான் இருந்தது. இருந்தும் என் ஃபிளாட்டுக்கு வண்டியை விடச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. அவள் உன்கிட்டயே இருக்கிறது வசதிதான், ஷூட் பண்ண லேசு என்று எழுதியிருக்கிறாய்.

வீடியோவுக்கு முயற்சியே பண்ணவில்லை என்று நினைக்காதே. நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன். அண்ணிதான், மைக்கை வை தம்பி, பேசிப் பார்க்கிறேன் என்றார். நீ அனுப்பிய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரியைச் சொன்னார். லெவல் சரியாக இருந்தது, குரல் கணீரென்றுதான் இருந்தது. இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு, அந்தத் தையல்கார அக்கா வீடு எங்கே என்று உனக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

விசாரித்துக்கொண்டு போனோம். ஃபாக்டரிக்குப் பின்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. வீட்டிலேயே ஸ்கூல் பை தைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்:

"நீங்கதான என் மிஷின்ல உக்காந்தது? நம்ம பொண்ணுங்க சொன்னாங்க. ஒரு தையல்கூட நேரா வரலயாமே."

அண்ணி தலையாட்டினார். அந்த அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் ஃபாக்டரிக் கதை, பை தைக்கிற கதை. மற்றப் பெண்கள் கேலி பண்ணியதால் ஃபாக்டரிக்கே போவதை நிறுத்திவிட்டாராம். கோபமாகச் சொல்லவில்லை. பையைத் திருப்பிப் போட்டு ஓரம் அடித்துக்கொண்டே, "ஃபாக்டரிலயும் திட்டுவாங்கம்மா. ஆனா மைக்குல திட்ட மாட்டாங்க" என்றார்.

அண்ணி அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அந்த அக்கா கையை விடுவித்துக்கொண்டு நூலைக் கடித்து அறுத்தார்.

"நீங்க எதுக்குக் கேக்கறீங்க? நீங்க கழுவுனீங்க. பேசுனவருக்கு வாய் இல்லையா?"

அண்ணி எழுந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் மைக்கைக் கழற்றிவிடு என்றார். அவ்வளவுதான். உன் வீடியோவின் கதை அங்கே முடிந்தது.

அவரைப் பேசவைக்க வேறு வழி பார்க்காதே. கதாநாயகியைக் கூப்பிட்டுக் கெஞ்சாதே, அவள் பேசிவிடுவாள், பாவம், அடுத்த படம் வேண்டுமே அவளுக்கு. அந்த நாளின் ஒலிக் கோப்பு என்னிடம் இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம். வெளியே விடமாட்டேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. கதவுக்குப் பின்னால் அந்த அக்கா மூச்சு வாங்குவதும் அதில் விழுந்திருக்கிறது, அதை ஊருக்குப் போட்டுக் காட்ட நான் யார்?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நீயே சொல். கூட்டத்தில் எழுந்த அந்தப் பெண்ணுக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எப்படி நடத்தினேன் என்றால் இப்படி நடத்தினேன் என்று சொல். வேன் வந்தது, திருப்பி அனுப்பினேன். ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டினேன். என் மனைவி தரையைக் கழுவினாள், நான் வெளிச்சம் போகிறது என்றேன். இதற்கு வசனகர்த்தா தேவையில்லை. கைதட்டமாட்டார்கள். பரவாயில்லை, உனக்கு வேண்டிய அளவு தட்டியாகிவிட்டது. சொல்லிவிட்டு ஊருக்கு வந்து அந்த மாடிப்படிக்குக் கீழே போய் நில். முகவரி கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உள்ளே விடுவாரா என்று தெரியாது. நானாக இருந்தால் விடமாட்டேன்.

அண்ணிக்கு இப்போது காய்ச்சல் இல்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார். மாடியில் கொஞ்சம் நடக்கிறார். நீ எழுதியதில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் நானாகச் சொல்கிறேன். அவரும் உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. எப்போது வருகிறாய், எந்த விமானம், அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா, எதுவும் இல்லை. முன்பெல்லாம் நீ தெருமுனைக்குப் போனாலே, உங்க அண்ணன் எங்க, எங்க என்று என் உயிரை எடுப்பார். இப்போது காலையில் உன்னோடு நான் போனில் பேசும்போது அடுத்த அறையில்தான் இருக்கிறார், கதவைச் சாத்திக்கொள்வதுகூட இல்லை.

உங்க அண்ணன் எங்க என்று அவர் மறுபடி என்னிடம் கேட்கிற மாதிரி ஏதாவது செய், அண்ணா.

உன் தம்பி