நர்ஸம்மாவின் கால் அளவு

ஆவணி 2, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ரயில்வே லயன் பக்கத்துப் புழுதி முழுக்க நம் கடையில்தான் இறங்குகிறது. காயப் போட்ட தோலை மூன்று தரம் துடைத்தேன்.

செய்ய வேண்டியவை: நூலுக்கு மெழுகு. பூட்ஸ் குதிக்கு லாடம் ஒரு டஜன். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வந்ததா என்று கேட்க வேண்டும். புளி.

பதினோரு மணிக்கு நர்ஸ் திரேசம்மா வந்தார். அம்மை குத்துகிற நர்ஸ். அடுத்த வியாழன் கொல்லிமலை ஏறுகிறாராம். போன வருஷம் செருப்போடு ஏறி, பாதி வழியில் வார் அறுந்து, வெறுங்காலோடு இறங்கினாராம். பூட்ஸ் வேண்டும் என்றார்.

அவர் (என் வீட்டுக்காரர்) தலையைச் சொறிந்தார். "பொம்பளைங்களுக்கு நாங்க தெச்சதில்லீங்களே."

உண்மைதான். மாமனார் முதல் ஜெர்மன் சண்டைக்காலத்தில் பட்டாளத்துப் பூட்ஸ் பட்டறையில் தொழில் கற்று, சண்டை முடிந்ததும் சூரமங்கலத்தில் கடை போட்டார். ஒவ்வொருத்தர் கால் அளவுக்கும் அவர் மரத்தில் செதுக்கிய கால் கட்டைகள் இன்னும் சுவரில் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் பெயர். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரைகள், தண்டவாள இன்ஸ்பெக்டர்கள், மேட்டூரில் அணை கட்டுகையில் வந்த சர்வே ஆட்கள். எல்லாம் ஆம்பிளைக் கால். அளவுப் புத்தகமும் அப்படியே. அதை என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் தொடக்கூடாது. பூட்ஸின் மேல்பாகம் முழுக்கத் தைப்பது நான். ஆனால் கடைக்கு வருகிறவர் காலை நான் அளந்தது கிடையாது.

"நான் அளக்கறேன்"னு சொல்லிவிட்டேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

தி.அம்மா (இனி இப்படித்தான், எழுதச் சோம்பல்) போனதும் அவர் சொன்னது: "சரி புள்ள. இது அமைஞ்சா அளவுப் பொஸ்தகம் உன் கையில. அமையலீன்னா தெக்கிறதோட நிறுத்திக்கோணும். பந்தயமா?"

பந்தயம்!

புளி மறந்துபோயிற்று.

ஆவணி 3, புதன்

தி.அம்மா வீட்டுக்குப் போய் அளந்துவிட்டேன். காகிதப் பட்டையைக் காலில் சுற்றி, அளவு முடிகிற இடத்தில் கத்தரியால் சின்னக் கீறல். விரல் கணுவுக்கு ஒன்று, மேல்பாதத்துக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று. பிறகு காகிதத்தில் பாதத்தைச் சுற்றிக் கோடு. சுண்டுவிரலில் ஆணிக்கால்.

எழுத வேண்டியது அதில்லை. வாசலில்தான் நின்றேன். இந்த ஊரில் எந்த வீட்டிலும் எனக்கு வாசலோடு சரி. தி.அம்மா, "உள்ள வாம்மா, உக்காரு"ன்னு பெஞ்சியில் பக்கத்தில் இடம் காட்டினார். தரையில் உட்காரப் போனேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். பக்கத்தில் பக்கத்தில், அக்கா தங்கை மாதிரி. காப்பி. வெள்ளை டம்ளர், அவர் குடித்ததற்கு ஜோடி.

ரோட்டில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். ஜட்கா வண்டிக்காரர்: "என்ன சாமி, பொதையல் கெடச்சுதா?"

ஆவணி 4, வியாழன்

சுவரில் இருப்பதிலேயே சின்னக் கட்டை ஒரு துரைமகனுடையது. அதுகூட நீளம். அவர் நுனியைச் சீவி, விரல் கணுவில் தோல் துண்டு ஒட்டி, நான் எடுத்துவந்த அளவுக்குக் கொண்டுவந்தார்.

சீவிக்கொண்டே கேட்டார்: "நிக்க வெச்சுத்தானே அளந்தே?"

"ஆமாங்க."

ஐயோ. ஐயையோ. பொய்.

உட்கார வைத்தல்லவா அளந்தேன்! பெஞ்சியில் உட்காரச் சொன்ன சந்தோஷத்தில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை. பாரம் இறங்கினால் பாதம் பரவும். பூட்ஸ் தைக்கிற வீட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சொல்லியிருக்கலாம். புத்தகம் போய்விடுமே என்ற பயம். கொஞ்சந்தானே பரவும், தோல் இளகிக் கொடுக்கும் என்று நானே எனக்குச் சமாதானம். தலைவலி. கீரை, ரசம்.

ஆவணி 6, சனி

மேல்பாகம் தைத்து முடித்தேன். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் எதிரும் புதிருமாக. தையல் அரிசி கோத்த மாதிரி வந்திருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன். அடி விளிம்பில் எப்போதும்போல அரை விரல் அதிகம் விட்டேன். "தோல வீணாக்கறே"ன்னு அவர் வழக்கமான பாட்டு.

ஆவணி 7, ஞாயிறு

அவர் தோலை நனைத்துக் கட்டைமேல் இழுத்து ஆணி வைத்தார். அழகு!

அவர் குளிக்கப் போன நேரம் என் காலை அளந்து பார்த்தேன். உட்கார்ந்து ஒரு தரம், நின்று ஒரு தரம். விரல் கணுவில் இரண்டு நெல் நீளம் வித்தியாசம். இரண்டு நெல்லா கொஞ்சம்? மலை ஏறி இறங்குவதற்குள் ஆணிக்கால் ரத்தமாகிவிடும். அந்த அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தது இதற்கா?

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் சொல்லிவிட்டேன். அழுகை வேறு.

துவட்டுவதை நிறுத்தினார். பிறகு, "ஏம்புள்ள, நீ இதுல தப்பற ஆளில்லையே?"

"பக்கத்துல உக்காரச் சொன்னாங்க மாமா. பெஞ்சில. அவங்க குடிக்கிற டம்ளர்ல காப்பி குடுத்தாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நானா இருந்தா அளக்கறதையே மறந்துட்டு வந்திருப்பேன்"னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடேயே.

அப்புறம் முகத்தை இறுக்கிக்கொண்டு: "ஆனா பந்தயம் பந்தயந்தான். நாளைக்கு எந்திருச்சுப் போய் நிக்க வெச்சு அளந்துட்டு வா."

ஆவணி 8, திங்கள்

தி.அம்மா வீடு பூட்டு. எடப்பாடியில் அம்மை குத்துகிறாராம், புதன்தான் திரும்புவாராம். புதன் வரை காத்திருந்தால் பூட்ஸ் எங்கே? மோட்டார் பஸ் ஏறிவிட்டேன். புகை, குமட்டல்.

எடப்பாடி. நெசவாளர் தெருவில் வேப்பமரத்தடியில் மேஜை, வரிசையில் நூறு பேர். தி.அம்மா காலையிலிருந்து நின்றபடி. கால் நன்றாகப் பரவி, பாரமெல்லாம் இறங்கி, அளக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது!

விஷயத்தைச் சொன்னேன். "என்னால நகர முடியாதும்மா, நீ அளந்துக்கோ"ன்னு செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்திக்கொண்டே இருந்தார். நான் மேஜைக்கு அடியில் புகுந்து பட்டையைச் சுற்றினேன். கையில் கத்தரி.

வரிசையில் முன்னால் நின்ற ஒரு நெசவுக்கார அம்மாள் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த வாட்டி கால்லயுமா குத்தறீங்க?"

பின்னால் ஒருத்தி: "கத்தரி வெச்சிருக்காளுங்கோ!"

அவ்வளவுதான். புள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வரிசை பாதி காலி. ஒரு தாத்தா தடியை விட்டுவிட்டு ஓடினார், தடி இல்லாமல் அவ்வளவு வேகம்!

தி.அம்மாவுக்குக் கோபம் வரும் என்று மேஜைக்கு அடியிலேயே இருந்தேன். மேஜை ஆடியது. எட்டிப் பார்த்தால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. "நீ கெடுத்தே, நீயே சரி பண்ணு. வா இப்படி."

எல்லார் முன்னாலும் கையை நீட்டி அம்மை குத்திக்கொண்டேன். "கையிலதானுங்க! காலு பூட்ஸுக்குங்க!" என்று காளியம்மன் கோயில் வரை கேட்கக் கத்தினேன். ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். தாத்தா கடைசியாக.

கை வலிக்கிறது. அளவு இடுப்பில் பத்திரம்.

ஆவணி 9, செவ்வாய்

இரண்டு நெல் இல்லை, இரண்டரை.

அவர் ஆணியெல்லாம் பிடுங்கிக் கட்டையில் இன்னும் தோல் ஒட்டி, மறுபடி நனைத்து இழுத்தார். எட்டுமா எட்டாதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும். எட்டியது, மயிரிழையில். நான் விட்ட அரை விரல்!

"தோல வீணாக்கறேன்னு இனி பேசுவீங்களா?"

"சோத்தப் போடு."

ஆவணி 10, புதன்

சோல் தைத்து, அடியில் பெரிய தலை ஆணி அடித்து, குதிக்கு லாடம். விளக்கெண்ணெயும் மெழுகும் காய்ச்சி நான் தேய்த்தேன். சாயங்காலம் தி.அம்மா வந்து போட்டு, கடைக்கும் கிணற்றுக்கும் நாலு நடை நடந்தார். நன்றாகத்தான் இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. "மல சொல்லட்டும்." காய்ச்சல் எனக்கு. குத்தின இடம் வீக்கம்.

ஆவணி 15, திங்கள்

தி.அம்மா மலைக்குப் போய் ஐந்து நாள். மலைப் பக்கம் மழை என்கிறார்கள். தோல் நனைந்து விறைத்திருக்குமோ. வாசலில் யார் வந்தாலும் காலைத்தான் பார்க்கிறேன். குழம்பில் உப்பு இரண்டு தரம்.

ஆவணி 20, சனி

வந்துவிட்டார்! மதியம், மலையிலிருந்து நேராக. பூட்ஸ் முழுக்கச் செம்மண்.

முக்காலியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். காலுறையை உருவினார். இரண்டு காலையும் என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சுண்டுவிரலைத் தனியாகப் பார்த்தார். கொப்புளம் இல்லை. சிவப்புகூட இல்லை.

"இறங்கும்போது வழுக்கி விழுந்தது கூட வந்த கம்பவுண்டர்தான், நான் இல்லை"ன்னார் தி.அம்மா. அடுத்த மாசம் இன்னும் இரண்டு நர்ஸை அனுப்புகிறாராம்.

தி.அம்மா போனதும் என் வீட்டுக்காரர் அளவுப் புத்தகத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். தி.அம்மா அளவை எழுதினேன். எழுத்து கோணல்.

மூடப் போனேன். "மூடாத. அடுத்த ஆளு இருக்கு"ன்னார்.

வாசலில் யாரும் இல்லை.

"எந்திரி புள்ள. நேரா நில்லு."

காகிதப் பட்டையோடு என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். பதறிவிட்டேன். "ஐயோ மாமா, என் காலப் போயி, பாவமுங்க!"

"தொழில்ல என்ன பாவம்? ஆடாத, அளவு தப்பும்."

கூச்சம் தாங்கவில்லை. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சிரித்தேன். அவர் அளவு சொல்ல நான் எழுதினேன். கடைக்கு வருகிற ஆளிடம் கேட்பது போலவே கேட்டார், "பேருங்க?"

"அஞ்சலைங்க."

அதையும் எழுதினேன். இடது கால் ஒரு நெல் அகலம் அதிகம்.