உள்ளங்கால் அளவு

பாப்பா அப்பாவுக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. சலவைக்கூடத்தில் கொதிநீர் என் ஷூவுக்குள் புகுந்தது எனக்குத் தெரியவே இல்லை. கூட வேலை செய்யும் அக்கா கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "இது காலாடி, கட்டையாடி?" என்று சிரித்தாள்.

புண் ஆறிவருகிறது. ஆனால் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "பி12 வைட்டமின் ரத்தத்துல தேவையான அளவு இருக்கும்மா. அதைச் சுமந்துட்டுப் போய் நரம்புக்குக் குடுக்கிற புரதம்தான் உனக்குப் பிறவியிலேயே சரியில்ல. பிள்ளைக்கும் இருக்கலாம். சீக்கிரம் ஊசி போட ஆரம்பிக்கணும்."

கால் மரத்துப்போகிறது என்று பாப்பா அழுதபோது எடுத்த சோதனையிலும் வைட்டமின் சரியாகத்தானே இருந்தது? அதை நம்பி, "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறியா?" என்று திட்டியது நான்தானே. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

டாக்டர் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். கடிதம் கிடைத்ததுமே பாப்பாவை அங்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அவளுக்கு ஷூ வாங்க வேண்டும். காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். அப்படியே அவளைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுங்கள். முன்பெல்லாம் விரல் பட்டாலே உருண்டு உருண்டு சிரிப்பாள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. அவள் சிரித்தால் உடனே போன் செய்யுங்கள். சிரிக்காவிட்டால் கடிதமே போடுங்கள்.

பாப்பா அம்மா