உதைக்காத துப்பாக்கி

1964 பிப்ரவரி 8, சனி

காலையில் கடும் பனி. ராஜகிரி மலை எட்டு மணி வரை கண்ணில் படவில்லை. மண்டிக்குக் கடலை வரத்து குறைவு.

செய்ய வேண்டியவை: பம்புசெட்டுக்கு வாஷர். மகள் கமலாவுக்குப் பூகோளப் புத்தகம். சென்னை துப்பாக்கிக் கடைக்குத் தபால் கார்டு. மூன்றில் கார்டு மட்டும் போட்டாயிற்று.

முடிவு செய்துவிட்டேன். என் பன்னிரண்டு போர் (குழலின் அளவு அது) துப்பாக்கியை இனித் தொடுவதில்லை. உதை குறைந்த நல்ல ரைஃபிள் ஒன்று வாங்கியே தீர வேண்டும்.

போன ஞாயிறு நடந்ததை இதுவரை எழுதவில்லை. மனசு வரவில்லை. மேலச்சேரிக் காடு, பெர்மிட் எடுத்துத்தான். எங்கள் மண்டியில் மூட்டை தூக்கும் முனுசாமி வழக்கம்போல எதிர்ப்பக்கம் புகுந்து, தகரம் தட்டி மானைக் கலைத்து வந்தான். கொம்பு மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. சுட்டேன். மான் போய்விட்டது. அது ஓடிய திக்குக்குச் சம்பந்தமே இல்லாமல் எழுபது எண்பது அடி தள்ளி ஒரு சூரைப்புதரின் தலை சிதறிக் கிடந்தது. அதற்குப் பின்னாலிருந்து முனுசாமி எழுந்து வருகிறான். தலைமுடியெல்லாம் இலை. காலில் முள் எடுக்கக் குனிந்தானாம்.

"காத்து மாரி மேல போச்சு மொதலாளி" என்று சிரிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று பிள்ளை அவனுக்கு. அந்த முள்ளுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

காரணம் எனக்குத் தெரியும். போன ஆடியில் செட்டிகுளத்துக் கரையில் சைக்கிளோடு விழுந்து வலது காறை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து பன்னிரண்டு போரின் உதையைத் தோள் தாங்குவதில்லை. உதைக்கப் போகிறது என்று உடம்பே முந்திக்கொண்டு வெட்டி இழுத்துவிடுகிறது. குறி தவறாமல் என்ன செய்யும்?

மனைவி விசாலத்திடம் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. இட்லி மட்டும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

வெயில். உதை பற்றி விசாரித்தது:

ஹவில்தார் வேணு (அனந்தபுரம். பட்டாளத்தில் இருந்தவர், என் வேட்டைக் கூட்டாளி): .315 அங்குலக் குழல் ரைஃபிள் போதும், அவரிடம் இருப்பதும் அதுவே. "ஒதைக்கும்தான் செட்டியாரே. ஆனா மாடு மாரி இல்ல, கன்னுக்குட்டி மாரி."

ஃபாரஸ்ட் கார்டு: .22 உதைக்கவே உதைக்காது. ஆனால் மானுக்கு ஆகாது. "காயம் பட்டு ஓடி எங்கனா ஒரு பள்ளத்துல கெடந்து சாவும். அந்தப் பாவம் எதுக்குங்க?"

என் யோசனை: வெறும் வண்டியைத் தள்ளினால் ஓடிவிடும், மூட்டை ஏற்றிய வண்டி அசையாது. ஆகவே கனமான துப்பாக்கி உதைக்காது. பன்னிரண்டு போரை மண்டித் தராசில் வைத்தேன். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வேணுவினுடையது 3.400. ஆக, கனத்த துப்பாக்கியும் சின்னக் குண்டும் வேண்டும். ஆனால் சின்னக் குண்டுக்கு மான் விழாது. பெரிய குண்டு போட்டால் உதைக்கும். உதைக்காமலிருக்கத் துப்பாக்கியை இன்னும் கனமாக்கினால் மலையில் தூக்கிப் போவது யார்?

பகல் முழுக்க இதே சுற்று. ஒரு வண்டிக்காரனுக்கு எடைச் சீட்டில் கிலோ எழுதும் இடத்தில் .315 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் திரும்பி வந்து கேட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

முதல் பஸ்ஸில் திண்டிவனம், அங்கிருந்து சென்னை. கடைக்காரர் நல்ல மனிதர். மூன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

.30-06. மான் என்ன, எருமையே விழும் என்றார். தோளில் வைக்காமலே வலித்தது.

.22 ஹார்னெட். பொம்மை மாதிரி. ஃபாரஸ்ட் கார்டு சொன்ன பள்ளம் நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

.275. பழையது, ஒரு எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது விற்றதாம். "மானுக்கு இதைவிட வேண்டாம் சார். உதை பாதிதான். தோள்ல வைக்கிற கட்டையில ரப்பர் வேற இருக்குது."

தராசு கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். தராசு பார்த்துத் துப்பாக்கி வாங்க வந்த முதல் ஆள் நான்தானாம். தரம் பார்ப்பது எப்படி என்று அவரே சொல்லிக் கொடுத்தார்: குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும், உள்ளே வெட்டிய வரிகள் கூர்மையாக, அரிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். கட்டையின் கழுத்தில் விரிசல் கூடாது. கண்ணருகே உள்ள பின் குறி ஆடக் கூடாது. பார்த்தேன். கண்ணாடி போல் சுற்றிச் சுற்றிப் போகிறது. அழகு. மனசு அதிலேயே நின்றுவிட்டது.

திங்கள் வரை வைத்திருப்பாராம். வேண்டுமென்றால் தந்தி கொடுக்க வேண்டும். பிறகு லைசென்சுக்குக் கடலூர் கலெக்டருக்கு மனு. மனுவில் ஒரு முறை போர் எண்ணை எழுதிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

திரும்பும் பஸ்ஸில் மறுபடி சந்தேகம். உதை பாதி என்றால் எதில் பாதி? கேட்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வேணு தம் .315-ஐ எடுத்துக்கொண்டு வந்தார். முதலில் இதைச் சுட்டுப் பாருங்கள், இது தாங்கினால் .275 தாராளமாகத் தாங்கும் என்றார். சரியான பேச்சு. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். துப்பாக்கி கூடத்து மூலையில்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கல்குட்டை. நூறு அடியில் காலி எண்ணெய் டின், அதில் சுண்ணாம்பால் ஒரு வட்டம். முதல் தோட்டா, டின் அசையவில்லை. இரண்டாவது, அசையவில்லை. வேணு துப்பாக்கியை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா செட்டியாரே இது?"

வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வந்த ஆயுதம் என்று விசாலம் சந்தனம் குழைத்துக் குங்குமம் வைத்திருக்கிறாள். பின் குறியின் பள்ளத்தில், அச்சாக. காய்ந்து கல்லாகி இருந்தது. நானும் அதன் வழியாகத்தான் குறி பார்த்திருக்கிறேன்! எனக்கு உண்மையில் சந்தோஷம். தவறு சந்தனத்தில்.

வேணு ஊக்கால் சுரண்டினார். மறுபடி சுட்டேன். டின் அசையவில்லை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைத் தாமே வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டா போட்டு, என் கையில் தந்தார். இரண்டு சுட்டேன். மூன்றாவது, விசையை அழுத்தினேன். டிக். சத்தம் இல்லை, புகை இல்லை. உள்ளே தோட்டாவே இல்லை. ஆனால் குழல் ஒரு சாண் கீழே குத்திவிட்டு நின்றது. என் தோள் முன்னால் போயிருந்தது. கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. நானே திறந்தேன்.

"வெறும் துப்பாக்கி ஒதைக்குமா செட்டியாரே?" என்றார் வேணு. கேலி இல்லாமல்தான் கேட்டார். கேலி செய்திருந்தால் தேவலை.

மறுபடி நாலு முறை. எது தோட்டா, எது வெறும் என்று எனக்குத் தெரியாது. உடம்புக்கும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலக் குத்தியது.

எந்த போர் வாங்கினாலும் இது போகாது, தினம் வெறும் துப்பாக்கியை நூறு தரம் அழுத்திப் பழக வேண்டும், ஆறு மாசம் ஆகும் என்கிறார். எலும்பு முறிவால் வந்த பயம், எலும்பு மறந்தால் பயமும் மறக்கும் என்று நான் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். அந்த 'இருக்கலாம்' பிடிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

பனி இல்லை. இடது தோளும் வலிக்கிறது. அதற்கு என்ன வந்தது?

தபாலாபீசில் தந்தி ஃபாரம் வாங்கி வந்தேன். கடை விலாசம் எழுதியாயிற்று. செய்தி எழுதவில்லை. .275 பயத்தைப் பாதியாக்குமா? பாதிப் பயம் போதுமா முனுசாமிக்கு? நாளை ஞாயிறு, பெர்மிட் இருக்கிறது, அவன் காலையிலேயே தகரத்தைத் தேடி எடுத்து மண்டி வாசலில் வைத்திருந்தான்.

மாலை 4 மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். நாளை வேட்டை இல்லை என்றேன்.

முகம் விழுந்துவிட்டது. கலைக்கிறவன் பங்கு ஒரு தொடையும் கழுத்தும். அது வேட்டை வழக்கம். வீட்டில் சொல்லி வைத்திருப்பான். "ஏன் மொதலாளி? வேணு ஐயா சுடுவாருல்ல?"

அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மானம் போனாலும் போகட்டும். விசையை அழுத்தும்போது எனக்குக் கண் மூடிக்கொள்கிறது முனுசாமி, எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான்.

"தெரியும் மொதலாளி."

என்ன தெரியும்?

"நீங்க கன்னத்தக் கட்டையில இருந்து எடுத்தீங்கன்னா வெடிக்கப் போவுதுன்னு அர்த்தம். நான் குந்திக்குவேன்."

அப்படியானால் அந்த முள்?

"முள்ளு இல்ல மொதலாளி."

ஏண்டா சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். மண்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மெல்லத்தான் சொன்னான். "எப்டிங்க சொல்றது? சொன்னா கூட்டிப் போவ மாட்டீங்க. பசங்க கறிக்குக் காத்துனு இருப்பாங்க. குந்திக்கினா ஒண்ணும் ஆவாது, பழகிப் போச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். போன ஆடியிலிருந்து, நான் சைக்கிளில் விழுந்ததிலிருந்து என்று சொல்லுவான் என நம்பிக்கொண்டுதான் கேட்டேன்.

விரல் விட்டு எண்ணினான்.

"நம்ம கமலா பாப்பா பொறந்த வருசத்துல இருந்துங்க."

கமலா ஆறாம் வகுப்பு.