அப்பா முத்தமிட்ட தோல்

ஆடி 9, வெள்ளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மகள் யாழினியின் கையில் அழுக்கு திரண்டது. படித்த விலங்கியல் சும்மா இருக்குமா? "செத்த செல்லுடி இதெல்லாம். மாசத்துக்கு ஒருதரம் மேல்தோலே புதுசாயிடும்" என்றேன்.

கன்னத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்பா துபாய் போவசொல்ல முத்தம் குடுத்த தோலு?"

தை மாதம், கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறும்போது கொடுத்தது.

"அது உள்தோலுக்குப் போயிடுச்சி" என்று பொய் சொன்னேன். நாள் முழுக்க அந்தப் பொய் உறுத்தியது.

அவளும் நம்பவில்லை போலிருக்கிறது. சாயங்காலம் அவர் வீடியோவில் வந்ததும் கன்னத்தைப் போனில் ஒட்டினாள். "பழசு போயிடுச்சாம்பா. புதுசு ஒண்ணு குடு."

கொடுத்தார். திரையெல்லாம் அவள் கன்னத்து எண்ணெய்.

அவர் என் கையைக் கடைசியாகப் பிடித்ததும் அதே பஸ் ஸ்டாப்பில்தான். எனக்கும் கேட்க வேண்டும்போல் இருந்தது. மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.